யோசெப் கேட்ட வயர்

"பிள்ளை, இந்த வயரும் சரிவராது போல கிடக்கு. வேற காட்டு."

யோசெப் மூன்றாவது வயரையும் மேசையில் வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றே முக்கால். முல்லைத்தீவுச் சந்தையடியில் இருக்கும் அந்த மின்சாதனக் கடையில் சுதர்சினி ஏழு வருடமாக வேலைக்கு நிற்கிறாள். ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் வாங்க அரை மணித்தியாலம் எடுத்த ஆளை அவள் இன்றைக்குத்தான் காண்கிறாள். மனுசன் ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. வாசலுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார்.

"ஐயா, எதுக்குப் பூட்டப் போறியள் எண்டு வடிவாச் சொல்லுங்கோ. அதுக்கேத்த மாதிரித் தாறன்."

"மகள் பிரேமினி பாரிசில இருந்து ஒரு சின்னப் பெட்டி அனுப்பினவள். அதை ரீவியோட கொழுவினால் இன்ரநெற்றில அவளின்ர கலியாணத்தை நேராப் பாக்கலாமாம். எங்கட நேரம் ரெண்டரைக்கு அங்க மாதா கோயில்ல கலியாணப் பூசை. பெட்டியோட வந்த வயரை எலி கடிச்சுப்போட்டுது."

சுதர்சினிக்கு மனம் இளகிவிட்டது. சொந்த மகளின் கலியாணத்தைக் கடல் கடந்து போய்ப் பார்க்க வழியில்லாத மனுசன். படமாவது தெளிவாகத் தெரிய வேண்டாமா? உள்ளே போய்க் கடையிலேயே திறமான வயரை எடுத்து வந்தாள்.

"இது ஃபோர் கே ஐயா. தாலி கட்டேக்க பிள்ளையின்ர கண் கலங்கிறதும் தெரியும்."

யோசெப் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "சரியான மொத்தம்."

"அப்ப இந்த மெல்லிசை எடுங்கோ. ஒண்டரை மீற்றர்."

"கட்டை."

"இது அஞ்சு மீற்றர்."

"நீட்டு. ஆக்கள் தடக்கி விழுந்திடுவினம்."

அவருடைய போன் அடித்தது. மறுபக்கத்தில் மனைவி யூலிற்றா போட்ட சத்தம் சுதர்சினிக்கே கேட்டது.

"எங்கையப்பா நிக்கிறியள்? கலியாணம் பாக்கச் சனமெல்லாம் வீட்டை வந்திட்டுது. சுவாமியாரும் வந்திட்டார். கதிரை காணாமல் பாய் போட்டிருக்கிறன். வயர் வாங்கியாச்சோ?"

"பாத்துக்கொண்டு நிக்கிறன்... இப்ப வாறன்."

போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போய் வந்தார். காற்றாடிக்குக் கீழே நின்றும் அவருக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பாவம், பதட்டத்தில் எதை எடுப்பதென்று தெரியாமல் தடுமாறுகிறார் என்று சுதர்சினி நினைத்தாள்.

"ஐயா, யோசிக்காதேங்கோ. நானே ஸ்கூட்டியில வந்து பூட்டி, படம் வாறதைப் பாத்திட்டுத்தான் திரும்புவன்."

"ஐயோ, வேண்டாம் பிள்ளை!"

அவர் போட்ட சத்தத்தில் கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுதர்சினிக்கு முகம் சுருங்கிப்போனது. யோசெப் தலையைக் குனிந்துகொண்டார். மேசைக்குக் கீழே ஒரு மட்டைப்பெட்டி கிடந்தது.

"உதுக்குள்ள கிடக்கிறது என்ன வயர்?"

"அது பழுதெண்டு ஆக்கள் திருப்பித் தந்தது. கொம்பனிக்கு அனுப்ப வச்சிருக்கிறன்."

யோசெப் குனிந்து, பார்வைக்குப் புதிதுபோல இருந்த ஒன்றை எடுத்தார். அரை மணித்தியாலத்தில் முதல்தடவையாக அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

"இதைத் தா."

"ஐயா, நான் சொன்னது விளங்கேல்லையோ? அதைப் போட்டால் ரீவியில ஒரு படமும் வராது!"

யோசெப் அவளுக்குக் கிட்டவாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அதுதான் பிள்ளை வேணும். காலமை மகள் போன் எடுத்தவள், கலியாணம் வேண்டாமெண்டு தானே நிப்பாட்டிப்போட்டாளாம். பின்னேரம் தாயோட தானே கதைக்கிறாளாம்... அதுவரைக்கும் சனம் வயரைக் குறை சொல்லட்டும், என்ர பிள்ளையைச் சொல்ல வேண்டாம்."