வீட்டுப் பாஷை

மூன்றாவது முறையும் அறிவித்துவிட்டு அவள் மைக்கைக் கீழே வைத்தாள்.

"பச்சைப் பாவாடை கட்டிய பெண் குழந்தை. மூன்று வயதிருக்கும். பெரிய கடைவீதி போலீஸ் கண்காணிப்புக் கோபுரத்தில் பத்திரமாக இருக்கிறது. பெற்றோர் உடனே வரவும்."

யாரும் வரவில்லை.

கீழே தீபாவளிக் கூட்டம். கோபுரத்திலிருந்து பார்த்தால் வீதியே தெரியவில்லை. தலைகள், தலைகளுக்கு மேல் தூக்கிப் பிடித்த ஜவுளிக்கடைப் பைகள், ஒரு பெரியவரின் தோளில் உட்கார்ந்து வந்த புது சைக்கிள்.

குழந்தை அவள் மடியில் இருந்தது. அழுகை ஓய்ந்து தேம்பல் மட்டும் மிச்சமிருந்தது. சீருடைச் சட்டையின் பொத்தான் ஒன்றை இறுகப் பிடித்திருந்தது.

ஏட்டு சவரிமுத்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். தனக்கு வருகிற டீயில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார்.

"கழுத்துல பாசிமணியப் பாத்தியா? குறவர் புள்ளம்மா. அதுங்க தேடிக்கிட்டெல்லாம் வராதுங்க. கீழ எறக்கி விடு. தானா போய்ச் சேந்துக்கும்."

அவர் வெறுப்போடு சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அவளுக்கு அதுதான் சுருக்கென்றது.

வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம். சொந்த ஊர் எது என்று கேட்டால் நெடுஞ்சாலையில் பஸ் நிற்கிற ஊரின் பெயரைச் சொல்வாள். அங்கே இறங்கி, சுடுகாட்டைத் தாண்டி நடந்தால் வருகிற குடியிருப்பைச் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தமிழ் சுத்தமாக இருந்தது. குரல் கணீரென்று இருந்தது. அதனால்தான் மைக்கில் போட்டார்கள்.

அம்மாவோடு போனில் பேச மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அங்கேயும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள்.

குழந்தை எதையோ முனகியது.

"என்னமோ உளறுது பாரு" என்றார் ஏட்டு.

உளறவில்லை. மணியெல்லாம் கொட்டிப்போச்சு என்றது. அம்மா பொறுக்குகிறாள் என்றது.

தமிழில் அல்ல.

அவள் எழுந்து கைப்பிடிக் கம்பியருகே போனாள். பாத்திரக்கடை ஓரத்தில், நடைபாதையில், பாசிமணியும் ஊசியும் பரப்பி உட்கார்ந்திருந்தவர்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். ஒலிபெருக்கி அவர்கள் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்கள்?

அந்த ஒலிபெருக்கி அவர்களை இதுவரை கூப்பிட்டதில்லை. காலி செய்யச் சொல்லியிருக்கிறது. ஓரமாகப் போகச் சொல்லியிருக்கிறது. இன்று காலையில் சொன்னதுகூட அவள் குரல்தான்.

மைக்கைக் கையில் எடுத்தாள்.

பேசினால் பொழுது சாய்வதற்குள் ஸ்டேஷன் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு அந்தப் பாதி டீ வருமா, தெரியாது.

குழந்தை பொத்தானை விடவில்லை.

பேசினாள்.

குழந்தை இங்கே கோபுரத்தில் இருக்கிறது. பயப்படவில்லை. மணியை அப்புறம் பொறுக்கிக்கொள்ளலாம். மேலே வா. யாரும் உன்னை விரட்டமாட்டார்கள். நான் இருக்கிறேன்.

மாடியில் தாழ்த்திப் பேசுகிற அதே மொழி. வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போனது. நகைக்கடைகளின் கண்ணாடியில் மோதியது. விலை கூவிக்கொண்டிருந்த பனியன் வியாபாரி நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"தெலுங்கா?" என்றது ஒரு குரல்.

"இந்தி மாதிரில்ல இருக்கு."

நடைபாதையில் தலைகள் நிமிர்ந்தன. ஒன்று, இரண்டு, பிறகு எல்லாமே. ஊசி விற்ற பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பாத்திரக்கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பாய்ந்து வந்தாள். கோபுரத்தைப் பார்த்து அதே மொழியில் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது.

ஏட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாஷைம்மா அது?"

"எங்க வீட்டு பாஷைங்கய்யா."

அவர் கம்பியில் குனிந்து கீழே நின்ற காவலரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யோவ்! தடுப்புக் கட்டைய வெலக்குய்யா. அந்தம்மாவ மேல விடு."

மேலே வந்தவள் குழந்தையைப் பிடுங்கி அணைத்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். முத்தமிட்டாள். அதன்பிறகுதான் எதிரே நின்றவளைப் பார்த்தாள். ஷூவிலிருந்து தொப்பி வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள். சட்டையின் விறைப்பை ஒரு விரலால் தொட்டாள்.

அவர்கள் மொழியில் கேட்டாள்.

"நீ யாரு மக?"

நெஞ்சில் குத்தியிருந்த பட்டையில் நீலவேணி என்று இருந்தது. கேட்டவளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தாலும் அது பதிலாகாது. அவர்கள் வழக்கத்தில் யார் என்று கேட்டால் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவைச் சொல்ல வேண்டும். குடியிருப்பைச் சொல்ல வேண்டும்.

"மைக்க ஆஃப் பண்ணலியேம்மா" என்றார் ஏட்டு மெல்ல.

"தெரியுங்கய்யா."

பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள். மைக்குக்கு அருகே ஓர் அடி நகர்ந்தாள்.

அப்பாவின் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.