ஒரே கணக்கு

புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி கிரெடிட் கார்டு வைத்துக்கொண்ட நாளில்தான் மனித நாகரிகம் சரியத் தொடங்கியது என்பது வேலாயுதத்தின் முடிவு. அவர் வீட்டில் ஒரே கணக்கு. யார் கார்டைத் தேய்த்தாலும் இரண்டு பேர் போனுக்கும் செய்தி வரும். தனிக் கார்டு வைத்திருக்கும் சக ஊழியர் ஆரோக்கியதாஸிடம், "நீ நடத்துறது குடும்பம் இல்லய்யா, லாட்ஜ்" என்பார்.

புற்றுநோய் மருத்துவமனையில் தன் கீமோ சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அந்தக் கார்டையே நீட்டினார். அவர் பணப்பையை மூடுவதற்குள் மனைவி பூங்கோதை அழைத்தாள்.

"ஏங்க, அந்த ஆஸ்பத்திரில உங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கு இல்ல. நம்ம ஆரோக்கியதாஸுக்கு. கைல காசில்லன்னு நின்னான், நான் கட்டினேன்."

"அடக் கடவுளே! அவர் வீட்டுக்காரிக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலையாம்."

"என்ன மனுஷன்! கட்டினவகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவாராம்? நல்லா நாலு கேள்வி கேளுங்க."

"கேக்குறேன்."

மறுநாள் ஆபீஸில், கூடச் சாப்பிட்ட மற்றவர்கள் எல்லோரும் கை கழுவ எழுந்து போகும்வரை வேலாயுதம் காத்திருந்தார். பிறகு ஆரோக்கியதாஸின் பக்கம் குனிந்தார்.

"தனியா கார்டு வாங்கினா, செய்தி நம்ம போனுக்கு மட்டும்தானய்யா வரும்?"