முன்மொழிந்தவர் விலாசம்

கூட்டக் குறிப்பேடு: ஏப்ரல் 23, 1995, ஞாயிறு. பிழை ஒன்று: கூட்டத்துக்கு வந்தவர்கள் 214 என்று எழுதிவிட்டேன். ஒரு நாயையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். 213.

"புலியாம் புலி! இந்தப் பள்ளத்தாக்குல எலியே குளிர்ல விறைச்சு சாகுது. புலி எங்கேயிருந்து வந்துச்சு, கிளிஃப்?"

கிரிம்ஸ்லோ ரக்பி கிளப்பின் கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கூட்டக் குறிப்பெழுதும் ஜேனட் ஹெப்வொர்த் இதைக் குறிப்பேட்டில் எழுதலாமா கூடாதா என்று யோசித்தாள். மாலை வகுப்பில் சுருக்கெழுத்து மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதை விட வேண்டும் என்று சொல்லவில்லை. எழுதிவிட்டாள்.

மேடையில் தலைவர் கிளிஃப் மிட்ஜ்லி மட்டும் சிரிக்கவில்லை. லீக் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மறுபடி உயர்த்திப் பிடித்தார். தொலைக்காட்சிக்காரர்கள் நடத்தச் சொல்லும் புதிய போட்டியில் இனி ஊருக்கு ஓர் அணி கிடையாது. கிரிம்ஸ்லோவும், மூன்று மைல் தள்ளி இருக்கும் ஹார்க்லியும் ஒன்றாகி, 'பள்ளத்தாக்குப் புலிகள்' என்ற பெயரில் ஆட வேண்டும்.

"நூறு வருஷமா அவனுங்க மூக்கை உடைச்சிட்டு, இப்போ அவனுங்களோட ஒரே சட்டையா?"

"ஹார்க்லிக்காரன் நூறு கஜத்துக்கு அப்பால வந்தாலே எனக்கு நாத்தம் தெரிஞ்சிடும்பா!"

"அது உன் மீசை நாத்தம்!"

கிளிஃப் மேசையைத் தட்டினார். "போதும். குழு சரின்னு சொல்லியாச்சு. உறுப்பினர் யாராவது எழுந்து எதிர்த்து முன்மொழிஞ்சா ஓட்டெடுப்பு. இல்லேன்னா பியரைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம். யாரு எழுந்திருக்கிறது?"

கூடத்தில் பாதிப்பேர் கிளிஃபின் கம்பள ஆலையில் வேலை பார்ப்பவர்கள். கிண்டலடிக்க இருநூறு வாய் இருந்தது. எழுந்து நிற்க ஒரு காலும் இல்லை.

ஜேனட் பதினொரு வயதிலிருந்து மைதானத்தின் கூரையில்லாத திறந்த பக்கத்தில் மழையில் நின்று பார்த்த அணி அது. குறிப்பெழுதுபவர் முன்மொழியக் கூடாது என்பது விதி. இன்னும் பத்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

"நான் எதிர்க்கிறேன்."

பின்வரிசையில் தொப்பி அணிந்த அறுபது வயதுக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். ஜேனட் அவரைப் பார்த்ததில்லை. மூடிய பக்கத்தில் நின்று பார்ப்பவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். திறந்த பக்கத்துக்கும் மூடிய பக்கத்துக்கும் அங்கே பேச்சுவார்த்தை கிடையாது.

"என் தாத்தா சுரங்கத்துல வேலை பார்த்தவர். சனிக்கிழமை ஆடப் போனா அன்னிக்குக் கூலி போயிடும். அந்தக் கூலியைக் குடுங்கன்னு கேட்டதுக்குத்தானே, நூறு வருஷம் முன்னாடி கோட்டு போட்ட கனவான்கள் நம்ம ஊர்களை ஒதுக்கினாங்க? சரிதான் போங்கடான்னு நாமளே லீக் ஆரம்பிச்சோம். இப்போ நம்ம லீக்குலயே கோட்டுக்காரங்க வந்து உட்கார்ந்தாச்சு. டிவி பொட்டிக்குள்ள அடங்கலைன்னு ரெண்டு ஊரை மடிச்சு ஒண்ணா வைக்கிறாங்க." அவர் தொப்பியைக் கழற்றினார். "கிரிம்ஸ்லோவும் ஹார்க்லியும் ஒரே அணியா? அதைப் பார்த்தா எங்கப்பா குழியிலேருந்து எழுந்து வந்து என்னை உதைப்பாரு!"

மீசைக்காரர் மூக்கைச் சிந்தினார். யாரோ மேசை மேல் ஏறினார்கள். கம்பள ஆலைக் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. ஜேனட் நாயை விட்டுவிட்டு இரண்டு முறை எண்ணினாள். எதிர்ப்பு 160, ஆதரவு 41.

கிளிஃப் ஒரு படிவத்தை அவள் முன் தள்ளினார். "முன்மொழிஞ்சவர் பேரு, விலாசம், கையெழுத்து. நாளை சாயங்காலத்துக்குள்ள லீக் ஆபீசுக்குப் போயாகணும். ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் செல்லாது, பொண்ணு. அப்புறம் புலிதான்."

வாங்கிக்கொடுத்த பியரைக்கூடக் குடிக்காமல் தொப்பிக்காரர் வெளியே போயிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் அவரை ஜேனட் மூச்சிரைக்கப் பிடித்தாள்.

"பெரியவரே, நில்லுங்க! பேரும் விலாசமும் வேணும்."

"பேரு மட்டும் போதாதா, கண்ணு?"

"விலாசம் இல்லேன்னா தீர்மானமே செல்லாதுங்க."

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். பேருந்து வரும் திசையைப் பார்த்தார். பிறகு பென்சிலை வாங்கி மெதுவாக எழுதி, கையெழுத்தும் போட்டார்.

வில்ஃப் ஆர்மிட்டேஜ், 14, கல்லறைத் தெரு, ஹார்க்லி.

ஜேனட் அதை மூன்று முறை படித்தாள்.

"எங்க ஊர்ல ஒருத்தனும் எழுந்திருக்கலை, தாயி. உங்க ஊர்லயாவது இந்த இணைப்பைக் கெடுத்துவிடலாம்னு வந்தேன்." அவர் பேருந்தில் ஏறினார். "உங்க கூட்டத்தோட ஒரே சட்டை போடறதுக்குப் பதிலா நான் செத்தே போயிடுவேன்."

ஜேனட் நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து, விதிப் புத்தகத்தைப் புரட்டி, உறுப்பினர் எந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டின் அடியில் தெளிவான எழுத்தில் எழுதினாள்:

நாளைய வேலை: காலை எட்டு மணிப் பேருந்தில் ஹார்க்லி போய், ஆர்மிட்டேஜைக் கிரிம்ஸ்லோ கிளப்பின் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். உறுப்பினர் அட்டையில் தேதி: நேற்று, ஏப்ரல் 22.