அழுக்குத் தெரியாத கலர்

மாலை வெயில் வீட்டின் முன்சுவரில் சாய்ந்து விழுகிறது. அம்மா கேட்ட மஞ்சளைப் பெயிண்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சதுரமாக அடித்திருக்கிறார். ஈரம் காயாமல் அது பளபளக்கிறது. வீட்டுக்கு எந்தக் கலர் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போட்டி; இன்று தோற்பவர் இன்னும் பத்து வருஷம் அடுத்தவர் கலரில் குடியிருக்க வேண்டும். அப்பாவின் கொள்கை ஒன்றே ஒன்று: அழுக்குத் தெரியக் கூடாது. சட்டை, சோபா, ஸ்கூட்டர், அம்மாவின் கைப்பை வரை எல்லாமே அந்தக் கொள்கைப்படி வாங்கப்பட்டவை. "என்னப்பா, நான் சொன்ன கலர இன்னும் அடிக்கலையா?" என்று பெயிண்டரிடம் கேட்கிறார் அப்பா. "அடிச்சாச்சு சார். அது முன்னாடிதான் நிக்கிறீங்க" என்கிறார் பெயிண்டர். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல மழை பார்த்த பழைய சுவரை விரலால் தடவித் தேடுகிறார். எது அழுக்கு, எது பெயிண்ட் என்று அவருக்கே தெரியவில்லை. விரலில் ஒட்டும் ஈரம்தான் கடைசியில் காட்டிக்கொடுக்கிறது. "பாத்தியா, அழுக்கே தெரியல" என்கிறார், குரலில் பழைய தெம்பு இல்லாமல். "பெயிண்ட்டே தெரியலையேங்க" என்கிறாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை. ஆனால் இடுப்பில் கை வைத்து வீட்டை அண்ணாந்து பார்க்கும் தோரணையில், இப்போதுதான் ஒரு கோட்டையைப் பிடித்து முடித்த களை இருக்கிறது. "சுவருக்கு மஞ்சள். கூரைக்குச் செங்கல் சிவப்பு. எழுதிக்குங்க." பெயிண்டர் தலையாட்டுகிறார். "மழைத்தண்ணி இறங்குற குழாய்க்காவது என் கலர் அடிக்கலாமே" என்று முனகுகிறார் அப்பா. ஜெயித்தவர்களுக்கே வரும் பெருந்தன்மையோடு அம்மா யோசிக்கிறாள். "சரி, பாவம். பின்பக்கக் குழாய்க்கு மட்டும் அடிச்சு விடுங்க."