டிரிப் ஷீட்டுக்குப் பூட்டு

சங்ககிரி லாரி ஆபீஸில் இர்பானா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலாளி மாதேஸ்வரன் வந்து நின்றார்.

"டிரிப் ஷீட்டுல யாரோ கை வெச்சிருக்காங்க இர்பானா."

எந்த டிரைவர் எந்த ஊர் லோடுக்குப் போவது என்று குறிக்கும் பட்டியல் அது. கை வைத்தது அவள்தான். டிரைவர் பொன்னனின் மனைவி நிறைமாசம். கவுகாத்தி லோடு ஏற்றிப் போனால் பிரசவத்துக்குள் திரும்பமாட்டான். அதனால் ஈரோடு லோடுக்கு இருந்த டிரைவர் நதீமிடம் பேசி, கவுகாத்திக்குப் போகச் சம்மதிக்க வைத்து, பொன்னனை ஈரோட்டுக்கு மாற்றிப் போட்டிருந்தாள். முதலாளியிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

"இப்பவே பாஸ்வேர்டு போடு. இனி எவனும் திருத்தக்கூடாது, காப்பி எடுக்கக்கூடாது, வாட்ஸ்அப்புல அனுப்பக்கூடாது."

எல்லாவற்றையும் பூட்டினாள்.

"முடிஞ்சுதுங்க."

"என்ற மவன் வந்தாலும் மாத்த முடியாதில்ல?"

"பாஸ்வேர்டு இல்லாம யாராலயும் முடியாதுங்க."

"அப்பச் சரி. அவன் பாத்தான்னா பொன்னனை மறுபடியும் கவுகாத்திக்கே தூக்கிப் போட்டுருவான்."

இர்பானா நிமிர்ந்து பார்த்தாள். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்டக் குடுக்காத சாமி. மவன் ரெண்டு தடவை கேட்டா நான் சொல்லிப்போடுவேன்."