யூக்ளினா யாருக்கு?

"யூக்ளினாவில பச்சையம் இருக்குது, வெயில்ல தானே சமைச்சுச் சாப்பிடுது. அது தாவரம்!"

"கலச்சுவர் எங்க டீச்சர்? வால அடிச்சு நீந்துற தாவரத்த நீங்க எங்க கண்ட? அது வெலங்கு!"

"சேர், நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை..."

"முப்பது வருஷமா முடிக்கவே இல்லையே!"

டீச்சரின் வெள்ளவத்தை மாடிவீட்டில் ஞாயிற்றுக்கிழமை சேர் வந்தால் இதே கூத்துதான். ஆனந்தி டீச்சர் தாவரவியல். தாஸிம் சேர் விலங்கியல். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே ஆய்வுகூடம், ஒரே நுணுக்குக்காட்டி. பக்கத்திலுள்ள பேரை வாவியிலிருந்து போத்தலில் வந்த தண்ணீரில் ஒற்றைக் கலத்தோடு ஓடித்திரியும் அந்தச் சீவனை, காலையில் டீச்சர் தாவரமென்று காட்டுவார். மத்தியானம் சேர் விலங்கென்று காட்டுவார். பிள்ளைகளும் இரண்டு பாடத்திலும் இரண்டு விதமாக எழுதிப் பாஸ் பண்ணினார்கள்.

ஓய்வுபெற்றுப் பள்ளிக்கூடத்தை விட்டாலும் சண்டையை விடவில்லை. டீச்சரின் கணவரும் சேரின் மனைவியும் கண்மூடிய பிறகு அது இன்னும் உரத்தது.

டீச்சரின் மகள் சாமினிக்குப் பொறுக்கவில்லை. அம்மாவுக்குப் பிரஷர் வேறு. இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று, சேரை வழியனுப்பும் சாட்டில் லிஃப்டில் கூடவே இறங்கினாள்.

"சேர், இப்பத்தைய பாடப் புத்தகத்தில அது தாவரமுமில்லை, விலங்குமில்லை. புரொட்டிஸ்டா எண்டு வேற இராச்சியம். ரெண்டு பேரும் தோத்திட்டீங்கள். இனிச் சண்டை வேண்டாம்."

தாஸிம் சேர் சிரித்தார்.

"தெரியும் மகள். உயிரியல் எண்டு ஒரே பாடமாக்கின பொறகு நானும் அதத்தானே படிச்சுக்குடுத்த."

"பிறகேன் இந்தக் கத்தல்?"

"புருஷன் இல்லாத பொம்பிளட ஊட்டுக்குச் சும்மா வந்து பழைய கத கதைச்சா ஆக்கள் ஒரு மாதிரிப் பாப்பாங்க. சண்ட பிடிக்க வாற கெழவன ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. அம்மாட்ட சொல்லிறாதீங்க. பாவம், அவங்க நெசமாவே நம்பித்தான் மல்லுக்கு நிக்கிறாங்க."

சாமினி மேலே வந்தபோது அம்மா பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி, காலி வீதிப் பக்கம் நடக்கும் சேரின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே கேட்டார்:

"அது ரெண்டுமில்லை எண்டு அந்த மனிசனுக்குச் சொல்லித் துலைச்சிட்டியோ, பிள்ளை?"