மேரிசெல்வியின் பேரிக்காய்

"இன்னிக்கு பேரிக்காயை மேரிசெல்வி செய்யட்டும், யுவராணி. நீ கை வைக்காதே. பக்கத்துல மட்டும் இரு."

சொல்லிவிட்டு ஜான்சி மேடம் ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டார். யுவராணிக்கு வயிறு பற்றி எரிந்தது.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்தக் கெஸ்ட் ஹவுஸில் ஒன்பது வருஷமாக அவள்தான் சமையல். அரிசி ஒயினில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டு வேகவைக்கும் பேரிக்காய் அவளுடைய அயிட்டம். அதற்காகவே புதுச்சேரியிலிருந்து கார் போட்டு வருகிறவர்கள் உண்டு. மேரிசெல்வி வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள்.

அடுத்த மாதம் பொம்மையார்பாளையத்தில் மேடம் இன்னொரு கெஸ்ட் ஹவுஸ் திறக்கிறார். அங்கே சமையலுக்குத் தலைமையாக யாரைப் போடுவார் என்பதுதான் ஒரு வாரமாகப் பேச்சு. தனக்குத்தான் என்று யுவராணி வீட்டில்கூடச் சொல்லிவிட்டாள். இப்போது என்னடாவென்றால், நேற்று வந்தவளுக்குப் பரீட்சை வைக்கிறார்கள்!

"யக்கா, பட்டை எத்தினி போடணும்?"

"ரெண்டு."

"கிராம்பு?"

"டப்பாவுலதானே இருக்குது. கண்ணு தெரியலையா?"

மேரிசெல்வி சிரித்தாள். எதைச் சொன்னாலும் சிரிப்பாள். அதுவும் யுவராணிக்குப் பிடிக்காது.

பழங்களைத் தோல் சீவி, காம்பு போகாமல் நிமிர்த்தி வைத்து, ஒயினை ஊற்றிச் சின்னத் தீயில் வேகவிட்டாள் மேரிசெல்வி. ஒன்றுகூடக் குழையவில்லை. பாவி, கையில் பதம் இருக்கிறதே என்று யுவராணி உள்ளுக்குள் பொருமினாள்.

இன்னும் ஒரு வேலைதான் பாக்கி. பழம் வெந்த அந்த ஒயினைப் பாகாகச் சுண்டவைத்து மேலே ஊற்ற வேண்டும். ருசியே அதில்தான். யுவராணி அந்தப் பாகை இதுவரை யார் எதிரிலும் காய்ச்சியதில்லை.

மேரிசெல்வி பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள்.

"இந்தத் தண்ணிய கொட்டிடட்டாக்கா? உப்பளத்துல உப்பு எடுத்ததும் மிச்சத் தண்ணிய வெளிய தொறந்து வுட்டுடுவோம். வச்சிருந்தா உப்பே கசந்துடும்."

யுவராணி திரும்பிப் பார்த்தாள். ‘நில்லுடி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னை ஏன் கேக்கற? மேடம் உன்னைத்தானே செய்யச் சொன்னாங்க!"

ஒயின் முழுவதும் தொட்டியில் இறங்கியது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக யுவராணிக்கு மனசு குளிர்ந்தது.

அரை மணி நேரத்தில் மேடம் வந்தார். கையில் கடித்து வைத்த பேரிக்காயோடு தட்டு.

"சப்புன்னு இருக்குது. பாகு எங்க?"

"பாகா?" மேரிசெல்வி விழித்தாள். "ஐயோ, அந்தத் தண்ணிய கொட்டிட்டேன் மேடம். என் தப்புதான். அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க. நான்தான் சரியா கேட்டுக்கல."

"சரி, நீ போ."

அவள் தலை மறைந்ததும் யுவராணி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"நான் அப்பவே நெனச்சேன் மேடம். அவளுக்கு இன்னும் பழக்கம் பத்தாது."

"ஆமா யுவராணி" என்றார் மேடம். "பொம்மையார்பாளையத்துக்கு உன்னைத்தான் அனுப்பறதா இருந்தேன். நீ போயிட்டா இந்தக் கிச்சனை இவ தனியா பாத்துப்பாளான்னு தெரிஞ்சுக்கத்தான் இன்னிக்கு செய்யவிட்டேன். இவளால முடியாது. அங்க வேற ஆளு பாத்துக்கறேன், நீ இங்கயே இருந்துடு!"